ஷீப் க்ரீக், 2013 ஏப்ரல் 20: ஆறு பேரும் ஒரே சரிவின் கீழே

மயானக் கொள்ளைக்கு ஊருக்கு வந்த என் அக்கா மகன், கூடவே நான்கு நண்பர்களையும் அழைத்து வந்திருந்தான். எல்லோருக்கும் பெங்களூரில் வேலை. பாலாற்றங்கரையில் கூட்டம் கலைந்த பிறகு, சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னான். பங்குனியில் காஷ்மீர் போகிறார்களாம். குல்மார்கில் ரிசார்ட் எல்லையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத சரிவுகளில் பனிச்சறுக்கு. கேபிள் கார் திறக்கும்வரை காத்திருக்காமல், இருட்டிலேயே நடந்து ஏறுவது திட்டம்.

"காலையில 5 மணிக்கே கிளம்பிடுவோம் மாமா. வெயில் ஏறி பனி இளகறதுக்கு முன்னாடி, 11 மணிக்குள்ள கீழ வந்துடுவோம்" என்றான்.

சொன்னது தப்பில்லை. வசந்த காலத்து மலையில் அதுதான் முதல் பாடம். ஆனால் ஐந்து பேருக்கும் அந்த ஒரு பாடம்தான் தெரிந்திருந்தது. அன்றிரவு நான் அவர்களுக்குச் சொன்ன, அமெரிக்காவில் நடந்த ஷீப் க்ரீக் பனிச்சரிவு விபத்தை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். நம் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் பனிமலைக்குப் போகிறார்கள்.

நான் பட்டாளத்தில் இருந்தவன். எங்கள் பக்கம் இது அதிசயம் இல்லை. வேலூர் அருகே கம்மவான்பேட்டையில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்திருப்பார். ராணுவ கிராமம் என்றே அதற்குப் பெயர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்து பேர் இருந்த காவல் சாவடி மேல் பனி சரிந்தது. ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். அவரும் 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பத்து பேரில் ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர். பனிச்சரிவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பிப்ரவரி வாரம்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் இந்தப் பிள்ளைகளைச் சும்மா வாழ்த்தி அனுப்ப மனசு வரவில்லை.

சரி, ஷீப் க்ரீக்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லேண்ட் கணவாய் என்று ஓர் இடம். சுமார் 12,000 அடி உயரம். பக்கத்திலேயே நெடுஞ்சாலை, பக்கத்திலேயே சறுக்கு மைதானம். அங்கே இருக்கும் ஓர் ஓடைப் பள்ளம்தான் ஷீப் க்ரீக். 2013 ஏப்ரல் 20, சனிக்கிழமை. ரிசார்ட் எல்லைக்கு வெளியே சறுக்குகிறவர்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சி அன்று நடந்தது. அதற்கு வந்தவர்களில் ஆறு பேர் தனிக் குழுவாகக் கிளம்பினார்கள். எல்லோரிடமும் பீக்கன் இருந்தது, அதாவது புதைந்தவரின் இருப்பிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி. பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி இருந்தது, மண்வாரி இருந்தது. அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பையும் படித்திருந்தார்கள். பனியின் அடியாழத்தில் ஒரு பலவீனமான அடுக்கு இருக்கிறது, வடக்குப் பார்த்த சரிவுகளில் அது ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் சறுக்கப் போன இடம் அந்த ஆபத்தான சரிவு அல்ல. அதன் அடிவாரத்தைக் கடந்து அப்பால் போக வேண்டும், அவ்வளவுதான். கடக்கும் தூரத்தைக் குறைக்க நினைத்தார்கள். அப்பால் தெரிந்த மரக்கூட்டத்தைப் பாதுகாப்பான இடம் என்று குறித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சுமார் 50 அடி இடைவெளி விட்டு நடந்தார்கள். 10 மணி தாண்டியிருக்கும். முன்னால் போனவர் மரங்களை நெருங்கும்போது எல்லோர் காலடியிலும் பனி 'தொம்' என்று உள்வாங்கியது. அந்தச் சத்தம் கேட்டுச் சில நொடிகள் கழித்து மேலே சரிவு முழுவதும் விரிசல் ஓடியது. மரங்களை நோக்கி ஓடினார்கள். ஒருவராலும் தப்ப முடியவில்லை.

உடைந்த பனியின் அகலம் சுமார் 800 அடி. ஆழமான இடத்தில் வெட்டுமுகம் சுமார் 12 அடி; நம் ஊர் மாடி வீட்டின் ஒரு தளத்தை விட உயரம். ஆறு பேரும் சிக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆறாவது ஆளுக்கு ஒரு முன்கையை மட்டும் அசைக்க முடிந்தது. அதைக் கொண்டு முகத்தைச் சுற்றிப் பனியை விலக்கி மூச்சுக்கு வழி செய்துகொண்டு, சுமார் 4 மணி நேரம் அப்படியே கிடந்தார். 1962-க்குப் பிறகு கொலராடோவில் ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்தது அதுதான் முதல் முறை.

கேட்டதும் பையன்கள் கேட்ட கேள்வி: "ஏப்ரல்ல, காலையில பத்து மணிக்கா? வெயில்கூட சரியா ஏறியிருக்காதே!"

அந்த நாளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். வசந்தத்தில் பனிமலையில் இரண்டு ஆபத்துகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று வெயில் கொண்டுவருவது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்து ஓடு கட்டும். விடியற்காலையில் அதன்மேல் நடந்தால் கால் புதையாது. சூரியன் வந்ததும் முதலில் கிழக்குப் பார்த்த சரிவு இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. உருகிய நீர் உள்ளே இறங்கி, பனித்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கட்டு தளர்ந்து, ஈரப் பனி கூழ் மாதிரி வழியத் தொடங்கும். இதற்கு முன்னெச்சரிக்கை உண்டு. மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரும். பூட்ஸ் கணுக்கால் தாண்டி இறங்கும். அதைப் பார்த்ததும் நிழல் சரிவுக்கோ சமதளத்துக்கோ போய்விட வேண்டும். இரவில் மேகம் மூடியிருந்தால் ஓடே கட்டாது. அன்றைக்குக் காலை 5 மணிக்குக் கிளம்பியும் பயனில்லை. இந்த ஆபத்தை நேரம் பார்த்துத் தப்பிக்கலாம். பையன்கள் திட்டமும் இதற்கு ஏற்றதுதான். அப்ஹர்வட் மலையில் குல்மார்க் பக்கம் இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை என்பதால் 11 மணி என்பதைக்கூட 10 ஆக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஆபத்து, போன குளிர்காலம் புதைத்துவிட்டுப் போனது. ஷீப் க்ரீக்கில் ஐந்து பேரைக் கொன்றது இதுதான். குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி பெய்து, அதன்மேல் நாள்கணக்கில் கடுங்குளிர் நீடித்தால், தரையை ஒட்டிய பனியின் தன்மை மாறிவிடும். தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் கதகதப்பாக இருக்கும், மேலே காற்று அதைவிட மிகக் குளிராக இருக்கும். கீழிருந்து நீராவி மேல்நோக்கிப் போய்ப் போய், பனித்துகள்கள் ஒட்டாத பெரிய படிகங்களாக வளர்ந்துவிடும். கையில் எடுத்தால் சர்க்கரை போல விரலிடுக்கில் கொட்டும். அதனால் சர்க்கரைப் பனி என்றுதான் நான் சொல்வேன். பிறகு பெய்யும் பனி அதன்மேல் அடுக்கடுக்காக இறுகி ஒரே ஸ்லாப் ஆகிவிடும். ஸ்லாப் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அஸ்திவாரத்தில் சிமெண்டுக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டி மேலே கான்கிரீட் போட்ட மாதிரி. 2013 ஏப்ரலில் அங்கே புயல்மேல் புயல் வந்து அந்த ஸ்லாப்மேல் கூடுதல் எடையை ஏற்றியிருந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே மாநிலத்தில் வெய்ல் கணவாய் பக்கத்தில் பனிச்சரிவில் இன்னொருவர் இறந்திருந்தார்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றி, அக்காவின் சமையலறைக்குப் போனோம். பெரிய தாம்பாளத்தில் ஒரு கோணித் துண்டை விரித்து, அதன்மேல் சர்க்கரை தூவி, மேலே அரிசி மாவைக் கொட்டி உள்ளங்கையால் நன்றாக அழுத்தினேன். தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அப்போதும் மாவு அசையாமல் நின்றது. மருமகனைக் கீழ்ப்பக்க ஓரத்தில் ஒரு விரலால் அழுத்தச் சொன்னேன். மாவின் மேல்பக்கம் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, முழுப் பாளமும் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து அவன் கையை மூடியது. ஒருவரும் பேசவில்லை. அக்கா மட்டும் கால் கிலோ சர்க்கரை போச்சே என்றாள்.

அவன் அழுத்தியது கீழே, உடைந்தது மேலே. ஷீப் க்ரீக்கில் நடந்ததும் இதுவே. அவர்கள் சரிவின்மேல் ஏறவில்லை, அடிவாரத்தில்தான் நடந்தார்கள். அடியில் இருக்கும் சர்க்கரை அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், அந்த நொறுங்கல் பக்கத்துக்குப் பக்கம் பரவி மேலே வரை போகும். 'தொம்' சத்தத்துக்கும் விரிசலுக்கும் நடுவில் இருந்த சில நொடிகள் அது பரவ எடுத்துக்கொண்ட நேரம். பனி மெலிதாக இருக்கும் இடத்தில்தான் ஒரு மனிதனின் எடை அடிவரை எட்டும். அதனால் பத்துப் பேர் சறுக்கிப் போன சரிவு பதினோராவது ஆளுக்கு உடையலாம். முன்னால் போன தடங்களைப் பார்த்துத் தைரியம் கொள்வது எனக்கு மிகவும் பயமாக இருக்கும் விஷயம். இதற்குக் கடிகாரம் உதவாது. வடக்குப் பார்த்த சரிவில் வெயிலுக்கே வேலையில்லை. இந்த ஆபத்தை இடம் பார்த்துத்தான் தப்பிக்க முடியும்.

எந்த இடம்? 30 முதல் 45 டிகிரி வரை சாய்வு உள்ள இடங்களில்தான் ஸ்லாப் சரிவுகள் பெரும்பாலும் உடைகின்றன. டிகிரி கணக்குச் சொன்னால் கண்ணுக்கு முன் நிற்காது. மறுநாள் காலை தெருமுனையில் வீடு கட்டுகிறவர்கள் லாரியில் இறக்கிப் போட்டிருந்த எம்-சாண்ட் குவியலுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். போனில் சாய்வு காட்டும் ஆப்பை வைத்து அளந்தான் ஒருவன்: 35. மணல் தானாகக் கொட்டி நிற்கும் சாய்வு எப்போதும் அந்த அளவில்தான் இருக்கும். "மலையில இந்த சாய்வைப் பார்த்தா, அது மேல நீ இல்லாட்டியும், அதுக்குக் கீழ நீ நின்னாலே கணக்குதான்டா" என்றேன். ஷீப் க்ரீக்கில் நடந்தவர்களுக்கு இன்னொரு கெடுதலும் இருந்தது. அவர்கள் கடந்த இடம் ஓடைப் பள்ளம். சமவெளியில் பரவியிருக்க வேண்டிய பனி பள்ளத்தில் வந்து குவியும். சின்னச் சரிவுகூடப் பள்ளத்தில் ஆளைப் பல அடி ஆழத்தில் புதைத்துவிடும்.

முன்னறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்து அளவு 1 முதல் 5 வரை ஐந்து படிகள். அன்று அங்கே 3. நடுவில் இருக்கும் எண் என்பதால் மனசு அதைச் சுமார் என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் 3 என்றால், ஆள் கால் வைத்தாலே உடைய வாய்ப்பு உண்டு என்று பொருள். 4, 5 என்றால் ஜனம் வீட்டில் இருந்துவிடும். 3-ல் வெளியே வரும், அதில்தான் உயிர்கள் அதிகம் போகின்றன. நம் நாட்டில் இமயமலைக்கான பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. வெளியிடுகிறது; ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் அது. அதில் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம், எந்த அடுக்கு என்று கீழே எழுதியிருக்கிறதா என்று தேடிப் படிக்கச் சொன்னேன்.

இப்போது அந்த 50 அடி இடைவெளிக்கு வருகிறேன். இந்த விபத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். அவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. படித்தார்கள், கருவி வைத்திருந்தார்கள், இடைவெளியும் விட்டார்கள். ஆறு பேர் 50 அடி தள்ளித் தள்ளி நடந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 250 அடி. உடைந்த சரிவோ 800 அடி. அவர்கள் விட்ட இடைவெளி முழுவதும் அந்த ஒரே ஸ்லாப்புக்குள் அடங்கிவிட்டது. ஆறு பீக்கன்களும் பனிக்கு அடியிலிருந்து சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தன. மேலே நின்று அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

பனியில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் அது மூன்றில் ஒருவராகக் குறைந்துவிடும். ஹெலிகாப்டரோ மீட்புக் குழுவோ அந்த 15 நிமிடத்தில் வந்து சேராது. கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும். கூட வந்தவனும் உள்ளே இருந்தால்?

எங்கள் தாத்தா காலத்தில் கோடையில் கிணறு தூர் வாருவார்கள். எத்தனை பேர் இறங்கினாலும் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். உள்ளே போனவன் மயங்கினால் அவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பது, அவனைத் தூக்க மூன்றாமவன் குதிப்பது, கடைசியில் ஒரே கிணற்றில் மூன்று பிணம். இது வட ஆற்காட்டில் எல்லா ஊரிலும் கேட்ட கதை. கரையில் நிற்கிறவன் வேலை செய்யாதவன் இல்லை, மற்றவர்களின் உயிரே அவன் கையில்தான் என்று தாத்தா சொல்வார். பனிச்சரிவிலும் அதே ஏற்பாடுதான். ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் சரிவு எட்டாத மேட்டில் நின்று அவர் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். அவர் முழுவதும் வெளியே போனபிறகு அடுத்தவர். நேரம் பிடிக்கும், குளிரும். அதைவிட நல்லது, அடிவாரத்தைத் தொடாத வேறு வழி. அது ஒரு மணி நேரம் சுற்றாக இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

இது சறுக்குகிறவர்களுக்கு மட்டும் உள்ள சேதி என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில், நண்பகல் நெருங்கும் நேரத்தில் பனி சரிந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். சறுக்குக் கட்டை இல்லாமல், படம் எடுக்கவும் பனியில் விளையாடவும் இறங்கிய குடும்பங்கள் போகிற சாலை அது. அனுமதி 13-வது மைல் வரைதான். விபத்து நடந்தது 15-வது மைலில். பள்ளிக்கூட விடுமுறைக்கு நம் ஜனம் வண்டி பிடித்துப் போகும் இடங்கள் இவை. சாலை ஓரத்தில் 35 டிகிரி சரிவு தலைக்குமேல் நிற்கும்போது, அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது.

அன்று மதியம் பையன்கள் தங்கள் பாதையைப் போனில் வரைபடத்தில் விரித்துக் காட்டினார்கள். சறுக்கி இறங்கும் சரிவை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், 25 டிகிரிக்கு மேல் போகவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு ஓடை. அதன் தென்கரையில், வடக்குப் பார்த்து, மரமே இல்லாத ஒரு வெட்டவெளிச் சரிவு. படத்தில் சாய்வு நிறம் சிவப்பு, அதாவது ஆபத்தான சாய்வு. அதன் அடியில்தான் அவர்கள் கோடு போயிருந்தது.

"அங்க சறுக்கலையே மாமா, சும்மா தாண்டிப் போறதுதானே" என்றான் ஒருவன். சொல்லி முடிக்கும் முன்பே அவன் முகம் மாறிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. மருமகன் போனை வாங்கி அந்தக் கோட்டை அழித்தான். ஓடைக்கு மறுகரையில், தென்திசை பார்த்த மேட்டின் முதுகோடு வருகிற மாதிரி வேறு கோடு போட்டான். ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். அதிலும் ஓரிடத்தில், சின்னதாக ஒரு பள்ளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அங்கே யார் முதலில், யார் எங்கே நிற்பது என்று ஐந்து பேரும் பேசி எழுதிக்கொண்டார்கள். பீக்கன் தேடும் பயிற்சியை வேலூரிலேயே செய்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, பாலாற்று மணலில் ஒரு பையில் பீக்கனைக் கட்டிப் புதைத்துவைத்தேன். முதல் முறை 11 நிமிடம் ஆயிற்று. இருட்டும்வரை விடவில்லை. கடைசி முறை 4 நிமிடத்துக்குள் எடுத்தார்கள்.

பங்குனியில் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைப் பள்ளத்தின் நடுவே ஒரு சிவப்புச் சட்டை. தூரத்து மேட்டில் மூன்று பேர், தடிமேல் கை ஊன்றி அவனையே பார்த்துக்கொண்டு. எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது ஆள் படம் எடுத்தவன்.